தாமிரம் போகிற வழி

ஒரு லாரியில் முப்பது டன் தாமிரம் ஏற்றலாம். சுரங்கத்துக்காரர்கள் கேத்தோடு என்று சொல்லும் தகடுகள் அவை. 99.99 விழுக்காடு தூய்மையானவை. பட்டை போட்டுக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டவை. ஜாம்பியாவின் வடக்கே சிங்கோலா, கிட்வே, முஃபுலிரா ஆகிய ஊர்களிலிருந்து கிளம்பும் இந்த லாரிகள் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கோ நாள்கணக்கில் ஓடுகின்றன. ஜாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது.

2007-இல் உலகச் சந்தையில் தாமிரம் டன் 7,000 டாலரை ஒட்டி விற்றது. அப்படியானால் ஒரு லாரிச் சரக்கின் மதிப்பு 2,10,000 டாலர். அதில் ராயல்டியாக, அதாவது மண்ணின் சொந்தக்காரர் என்ற முறையில் நாட்டுக்குச் சேர வேண்டிய பங்காக, ஜாம்பியா அரசின் கைக்கு வந்தது அதிகபட்சம் 1,260 டாலர். நூறு ரூபாய்க்கு அறுபது காசு. யாரும் சட்டத்தை மீறி இதைச் செய்யவில்லை. பெரிய சுரங்க நிறுவனங்களோடு அரசே கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களில் இருந்த விகிதமே 0.6 விழுக்காடுதான்.

ஒரு நாடு தன் மண்ணுக்கு அடியில் கிடப்பதை இந்த விலைக்கு ஏன் விட்டுக்கொடுத்தது? ஊழல், அறியாமை, பேராசை என்று பதில் சொல்லிவிடத் தோன்றும். மூன்றும் இருந்தன என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் கையெழுத்துப் போட்ட அன்று அந்த நாடு கழுத்தளவு கடனில் நின்றது என்பதைப் பார்க்காவிட்டால் விடை பாதிதான். அந்நிய முதலீட்டைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சு 'வந்தால் வாழ்வு' அல்லது 'வந்தால் கேடு' என்று முடிந்துபோகிறது. முதலீடு எந்த நேரத்தில் வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது, வந்தபின் அதன் கணக்கைப் பார்க்கத் தெம்புள்ளவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஜாம்பியாவின் அறுபது ஆண்டு அனுபவம் முழுக்க இந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது. அந்த அனுபவத்தில் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிங்கோலாவின் சுரங்கத்தை வாங்கியது, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை நடத்திய அதே வேதாந்தா குழுமம்.

விற்கும் அவசரம்

ஜாம்பியாவின் சுரங்கப் பகுதிக்குப் பெயரே காப்பர்பெல்ட். வடக்கு ரொடீசியா என்ற பெயரில் அந்த நாடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, அங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு டன் தாமிரத்துக்கும் ராயல்டி வாங்கும் உரிமை செசில் ரோட்ஸ் நிறுவிய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கா கம்பெனியிடம் இருந்தது. 1890-இல் மேற்கே இருந்த லோசி அரசர் லெவனிக்காவோடு செய்த உடன்படிக்கையை அதற்கு ஆதாரமாகக் காட்டியது கம்பெனி. தாமிரம் கிடந்த மண்ணோ அவருடைய ஆளுகைக்கு வெளியே இருந்தது. 1964 அக்டோபர் 24 அன்று ஜாம்பியா சுதந்திரம் பெற்றது. அதற்கு முந்தைய கடைசி நேரத்தில்தான் கம்பெனி அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. சும்மா இல்லை, 40 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு. பாதியைப் பிரிட்டன் கொடுத்தது, மீதிப் பாதியைப் புதிதாகப் பிறக்கவிருந்த நாடு கொடுத்தது. தன் மண்ணைத் தானே விலைக்கு வாங்கித்தான் அந்த நாடு தொடங்கியது. அப்போது அங்கே பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கறுப்பின மக்கள் நூற்றுச் சொச்சம் பேர்.

முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா 1969-இல் சுரங்கங்களில் 51 விழுக்காட்டுப் பங்கை அரசு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். அதுவரை ஆங்கிலோ அமெரிக்கன், ரோன் செலக்ஷன் டிரஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்களிடமே மொத்தமும் இருந்தது. பின்னால் எல்லாச் சுரங்கங்களும் 1982-இல் இசட்.சி.சி.எம். என்ற ஒரே அரசு நிறுவனத்துக்குள் வந்தன. காப்பர்பெல்ட்டின் மூத்தவர்கள் இன்றும் அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதற்குக் காரணம் உண்டு. வீடு, மருத்துவமனை, பள்ளி, குடிநீர், தெருவிளக்கு, கால்பந்து மைதானம், நீச்சல்குளம் எல்லாம் சுரங்க நிறுவனமே பார்த்துக்கொண்டது. மக்காச்சோள மாவில் கிண்டும் ந்ஷிமா களிதான் அங்கே அன்றாடச் சாப்பாடு. அதற்கான மாவையும் நிறுவனம் கொடுத்தது. சுரங்கத் தொழிலாளி இறந்தால் அடக்கச் செலவும் அதன் பொறுப்பு. ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் தாமிரம் எடுத்த நாடு அது.

1975 வாக்கில் தாமிர விலை விழுந்தது. எண்ணெய் விலை ஏறியிருந்தது. தெற்கே வெள்ளையர் ஆட்சி நடத்திய ரொடீசியாவோடு எல்லை மூடிக்கிடந்தது. மேற்கே அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் பெங்குவேலா ரயில்பாதை நின்றுபோனது. விலை சீக்கிரம் ஏறும் என்று நம்பி அரசு கடன் வாங்கியது. விலை ஏறவில்லை. சுரங்கத்துக்குள் புது இயந்திரம் இறக்க வேண்டிய பணம் அரசாங்கச் செலவுக்குப் போனது. இதைக் கவுண்டா அரசின் மேல் உள்ள நியாயமான குற்றச்சாட்டாகவே நான் பார்க்கிறேன். பொதுத்துறை என்ற பெயரில் சுரங்கத்தைக் கறந்தார்களே தவிர, தீனி போடவில்லை. 2000-ஆம் ஆண்டு வந்தபோது உற்பத்தி ஏறத்தாழ இரண்டரை லட்சம் டன்னாகச் சுருங்கியிருந்தது. 1970-களின் நடுவில் 62 ஆயிரம் பேர் வேலை பார்த்த சுரங்கங்களில் 22 ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள்.

1991-இல் கவுண்டா தேர்தலில் தோற்றார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து குடியரசுத் தலைவரான ஃபிரெடரிக் சிலுபா சுரங்கங்களை விற்க ஒப்புக்கொண்டார். கடன் தள்ளுபடிக்கு உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் வைத்த நிபந்தனைகளில் அது முக்கியமானது. சுரங்கங்கள் நாளுக்குப் பத்து லட்சம் டாலர் நட்டத்தில் ஓடுகின்றன என்று அப்போது பேசப்பட்டது. விற்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு அவசரமே இல்லை. விலை எப்படி அமையும் என்று நிலம் விற்ற எவருக்கும் தெரியும்.

1997-இல் லுவான்ஷ்யா சுரங்கம் இந்தியாவின் பினானி குழுமத்துக்குப் போனது. மூன்றே ஆண்டில் அது நொடித்துப்போய்த் தொழிலாளர்கள் சம்பளமின்றி நின்றார்கள். 1998-இல் சம்பிஷி சுரங்கத்தைச் சீன அரசு நிறுவனம் 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2000-இல் கிட்வே, முஃபுலிரா சுரங்கங்கள் மோபானி என்ற பெயரில் சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் தலைமையிலான கூட்டுக்குப் போயின. எல்லாவற்றிலும் பெரியதான, சிங்கோலா சுரங்கத்தையும் வைத்திருந்த கொங்கோலா தாமிரச் சுரங்க நிறுவனம் பழைய முதலாளி ஆங்கிலோ அமெரிக்கனிடமே திரும்பப் போனது. அவர்கள் இரண்டே ஆண்டில், இது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த ஒப்பந்தங்களில் இருந்தவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராயல்டி 0.6 விழுக்காடு. நிறுவன வரி 25 விழுக்காடு. மற்ற தொழில்களுக்கு 35. நட்டத்தைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிக்கொண்டு போய் வரியில் கழித்துக்கொள்ளலாம். இயந்திர இறக்குமதிக்கு வரி கிடையாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய சலுகை ஒன்று உண்டு: 15 முதல் 20 ஆண்டுகளுக்கு இந்த வரி விகிதங்களை எந்த அரசும் மாற்றக் கூடாது. அடுத்து வரப்போகும் மூன்று நான்கு நாடாளுமன்றங்களின் கையை அன்றே கட்டிப் போட்டாகிவிட்டது. இந்த ஒப்பந்தங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்களும் சமூக அமைப்புகளும் தேடி எடுத்தபிறகுதான் உள்ளே இருந்தது ஊருக்குத் தெரிந்தது.

நகர்ப்புற வசதிகளைப் புது முதலாளிகள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. தொழிலாளர் குடியிருப்புகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. தெருவிளக்கும் சாக்கடையும் காசில்லாத நகராட்சிகளின் பொறுப்பாயின.

சிங்கோலாவுக்கு வந்த வேதாந்தா

2004-இல் கொங்கோலாவின் 51 விழுக்காட்டுப் பங்கை வேதாந்தா ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நேரம் அதற்கு வாய்த்ததுபோல வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. 2003-இல் டன் 1,800 டாலரை ஒட்டி இருந்த தாமிரம், சீனாவின் பசியால் 2006 மே மாதம் 8,000 டாலரைத் தாண்டியது. பத்தாண்டு கழித்து, 2014-இல், குழுமத்தின் தலைவர் அனில் அகர்வால் பெங்களூரு மேடை ஒன்றில் பேசிய காணொளி வெளியானது. அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசி இரண்டரைக் கோடி டாலருக்குச் சுரங்கத்தை வாங்கியதாகவும், அது ஆண்டுதோறும் குறைந்தது ஐம்பது கோடி டாலர் தருவதாகவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாம்பியாவில் கொதிப்பு எழுந்தது. அதே நிறுவனம் அந்த நாட்டில் நட்டக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

வேதாந்தா எதையும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. கொங்கோலா உலகிலேயே மிக ஈரமான சுரங்கங்களுள் ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் கன மீட்டர் தண்ணீரை வெளியே இறைத்தால்தான் உள்ளே ஆள் இறங்க முடியும். பம்புகள் நின்றால் சுரங்கம் மூழ்கும். மின்கட்டணம் கட்டவே ஒரு பெரும் வருமானம் வேண்டும். அங்கே ஆழத்தில் புதுச் சுரங்கக் குழி இறக்கவும், சிங்கோலாவில் புதிய உருக்காலை கட்டவும் பெரும் பணம் செலவானது உண்மை. நாடு முழுவதும் பார்த்தாலும், வெளிநாட்டு முதலீடு வந்தபிறகுதான் உற்பத்தி திரும்ப எழுந்து, இன்று ஆண்டுக்கு எட்டு லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. வடமேற்கு மாகாணத்தில் கன்சான்ஷி, லும்வானா, சென்டினல் போன்ற பெரிய சுரங்கங்கள் கனடா நிறுவனங்களின் பணத்தில் எழுந்தவை. அரசின் கையில் மட்டும் இருந்திருந்தால் இவை வந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் ஆறு இருக்கிறதே.

காஃபுவே ஆறு காப்பர்பெல்ட் வழியாக வந்து நாட்டின் நடுவே வளைந்து ஓடி சாம்பெசியில் கலக்கிறது. நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதன் படுகையில் வாழ்கிறார்கள். சிங்கோலாவில் பழைய கழிவுச் சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அதில் ஒட்டிக்கிடக்கும் மிச்சத் தாமிரத்தை எடுக்கும் ஆலை ஒன்று உண்டு. 2006 நவம்பரில் அங்கிருந்து போகும் கழிவுக் குழாய் உடைந்தது. அமிலச் சேறு முஷிஷிமா ஓடையில் இறங்கிக் காஃபுவேயில் சேர்ந்தது. தண்ணீர் நீலமாக ஓடியது; அது மயில்துத்தத்தின் நிறம். சிங்கோலா நகரத்துக் குடிநீர் நிறுத்தப்பட்டது. நகரத்துக்கு இன்னொரு வழி செய்ய முடிந்தது. ஓடைக் கரையில் ஷிமுலாலா, ஹிப்போ பூல் போன்ற கிராமங்களில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டு, மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அந்த ஓடையைத் தவிர வேறு தண்ணீர் இல்லை.

இரண்டாயிரம் பேர் ஜாம்பியா நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பின்மையைக் கடுமையாகச் சாடி, அத்தனை பேருக்கும் இழப்பீடு தரச் சொன்னது. 2015-இல் உச்ச நீதிமன்றம் தவறு நடந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மருத்துவச் சான்று கொடுத்த பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் இழப்பீடு என்றது. ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வயிற்றுவலி கண்ட ஒரு விவசாயக் குடும்பம், எந்த மருத்துவரிடம், எந்த ஆய்வுக்கூடத்தில், என்ன சான்று வாங்கி வைத்திருக்கும்? சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அதே ஆண்டு 1,826 கிராமத்தினர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். தாய் நிறுவனம் வேதாந்தா ரிசோர்சஸ் பிரிட்டனில் பதிவானது என்பதுதான் பிடி. இது ஜாம்பியாவின் துணை நிறுவனம் செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை, வழக்கை அங்கே நடத்துங்கள் என்றது வேதாந்தா. 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை மறுத்து, லண்டனிலேயே விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் இரண்டு இடங்கள் கவனிக்க வேண்டியவை. தன் குழுமச் சுரங்கங்கள் எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் தரத்தைத் தானே மேற்பார்வை செய்வதாக வேதாந்தா பளபளப்பாக அச்சிட்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று இருந்தது. அதையே நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். மேற்பார்வை உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதாக இருக்கலாமே என்று கேட்டார்கள். இன்னொன்று, ஜாம்பியாவில் இந்த மக்களுக்கு நியாயம் கிடைக்க வழியில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டது. நீதிபதிகள் மோசம் என்பதால் இல்லை. இவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணமும் இல்லை, அதற்கேற்ற வசதியுள்ள வழக்கறிஞர்களும் இல்லை. வென்றால் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்புக்கொள்வதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் இடமும் இல்லை.

2021 ஜனவரியில் வேதாந்தா, தவறை ஒப்புக்கொள்ளாமல், ஏறத்தாழ 2,500 பேரோடு சமரசம் செய்துகொண்டது. குழாய் உடைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தூத்துக்குடி மக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1996 முதல் அந்த ஆலை ஓடியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் சூழல் கேட்டுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லிவிட்டு, ஆலையைத் தொடர்ந்து நடத்த அனுமதித்தது. 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகே ஆலை மூடப்பட்டது; 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விலை கொடூரமானது. ஆனாலும் தூத்துக்குடிக்காரர்கள் சென்னையிலும் டெல்லியிலும் வழக்காட முடிந்தது, கட்சிகள் அவர்கள் வாக்குக்குப் பயந்தன, பத்திரிகைகள் எழுதின. ஷிமுலாலாவின் மக்களுக்குத் தங்கள் ஓடையைப் பற்றிப் பேசவே கடல் கடந்து போக வேண்டியிருந்தது. முதலீட்டைத் தாங்கும் வலு என்று நான் சொல்வது இதைத்தான்.

கணக்கில் ஒளியும் தாமிரம்

ஆற்றில் கலந்த அமிலம் கண்ணுக்குத் தெரிந்தது. கணக்கேட்டில் கரைந்துபோவது தெரியாது. முஃபுலிராவில் உள்ள சுரங்க நிறுவனம், கிளென்கோரின் கையில் இருந்தபோது, தன் தாமிரத்தை நேரே சீனாவின் மின்கம்பித் தொழிற்சாலைக்கு விற்றதில்லை. முதலில் சுவிட்சர்லாந்தில் உள்ள தன் குழுமத்தின் வணிக நிறுவனத்துக்கு விற்றது. சரக்கு அந்த நாட்டுக்குப் போனதே இல்லை, காகிதம்தான் போனது. ஒரு கட்டத்தில் ஜாம்பியாவின் ஏற்றுமதியில் பாதி சுவிட்சர்லாந்துக்குப் போனதாக அரசுப் புள்ளிவிவரம் காட்டியது. குழுமத்துக்குள்ளேயே நடக்கும் இந்த விற்பனையில் விலையைச் சற்றுக் குறைத்து எழுதினால் போதும், லாபம் ஜாம்பியாவில் தேய்ந்து, வரி குறைந்த இன்னோர் இடத்தில் முளைக்கும். வாங்கும் இயந்திரம், ஆலோசனைக் கட்டணம், குழுமத்துக்குள் கொடுக்கும் கடனுக்கு வட்டி இவற்றைக் கூட்டி எழுதினாலும் அதே பலன்.

இதைப் பிடிக்க வரித்துறைக்குப் படித்த ஆட்கள் வேண்டும். நார்வே நாட்டின் உதவியோடு வெளியாட்களை வைத்து 2009 வாக்கில் மோபானியின் கணக்கை ஜாம்பியா தணிக்கை செய்தது. அந்த அறிக்கை வெளியே கசிந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. கிளென்கோர் குற்றச்சாட்டுகளை மறுத்தது. வரித்துறை விடவில்லை. 2020 மே மாதம் ஜாம்பியா உச்ச நீதிமன்றம், குழும நிறுவனத்துக்குத் தாமிரத்தைக் குறைந்த விலைக்கு விற்றதாகச் சொன்ன வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. மோபானி கட்ட வேண்டியது 24 கோடி குவாச்சா, அன்றைய மதிப்பில் 1.3 கோடி டாலர் அளவு. தொகை சிறிதுதான். ஆப்பிரிக்க நாடு ஒன்று தன் சொந்த நீதிமன்றத்தில், தன் அதிகாரிகளின் வாதத்தால், உலகின் மிகப் பெரிய தாதுப்பொருள் வணிக நிறுவனங்களுள் ஒன்றை வென்றது என்பதற்காக அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். சுரங்கத்தை நாட்டுடைமையாக்கும் முழக்கத்தைவிட இப்படிப்பட்ட பத்து வரி அதிகாரிகள் பயன்படுவார்கள்.

முழக்கங்களுக்கும் குறைவில்லை. 2008-இல் லெவி ம்வனவாசா அரசு பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்து, ராயல்டியை 3 விழுக்காடாக்கி, விலையேற்றத்தால் வரும் எதிர்பாராத லாபத்துக்குத் தனி வரியும் போட்டது. முதலில் சொன்ன லாரிக்கு 1,260 டாலருக்குப் பதில் 6,300 டாலர். அந்த ஆண்டே உலக நெருக்கடியில் தாமிரம் சரிந்தது. 2009-இல் அடுத்த அரசு அந்தத் தனி வரியை எடுத்துவிட்டது. பிறகு ராயல்டி 6 விழுக்காடானது. 2015-இல் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஒரேயடியாக 20 விழுக்காடு என்றார்கள். லும்வானாவை மூடிவிடுவோம் என்று பாரிக் நிறுவனம் சொன்னதும் சில மாதங்களில் பின்வாங்கினார்கள். 2016, 2019, 2022 என்று மாற்றங்கள் தொடர்ந்தன. நிறுவனங்கள் இதைப் பற்றிப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. முப்பது ஆண்டுக்குப் பணம் போடுகிறவர் ஆண்டுக்கொரு வரியைக் கணக்கில் எடுக்க முடியாது. முதலில் மிகக் குறைவாகக் கேட்டதால்தான் பிறகு இத்தனை முறை திருத்த வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2019 மே மாதம் எட்கர் லுங்கு அரசு கொங்கோலாவைக் கலைப்பு அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்து வேதாந்தாவை வெளியேற்றியது. தெருவில் கைதட்டல் கிடைத்தது. அடுத்த ஐந்து ஆண்டுகள் சுரங்கம் அரைகுறையாக ஓடியது. சரக்கும் சேவையும் கொடுத்த உள்ளூர்க்காரர்கள் பாக்கிக்காக அலைந்தார்கள். 2021-இல் மோபானியைக் கிளென்கோரிடமிருந்து அரசு ஒரு டாலருக்கு வாங்கியது. கூடவே 150 கோடி டாலர் கடனையும் ஏற்றது. 2020 நவம்பரில்தான் அந்த நாடு வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாமல் கையை விரித்திருந்தது. 2021 ஆகஸ்டில் ஆட்சிக்கு வந்த ஹகைன்டே ஹிச்சிலெமா, மோபானியின் 51 விழுக்காட்டை 2024-இல் அபுதாபி நிறுவனம் ஒன்றுக்கு 110 கோடி டாலருக்குக் கொடுத்தார். கொங்கோலாவை அதே ஆண்டு வேதாந்தாவிடமே திருப்பிக் கொடுத்தார். கடன்காரர்களுக்கான பாக்கியை வேதாந்தா கட்டியது. ஐந்து ஆண்டில் 100 கோடி டாலர் முதலீடு செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. விற்று, பறித்து, மறுபடி விற்று, நாடு மீண்டும் அவசரக்காரராகத்தான் மேசைக்கு வந்தது.

பக்கத்திலேயே போட்ஸ்வானா இருக்கிறது. அங்கே வைரம் எடுக்க 1969-இல் டி பீர்ஸோடு அரசு கூட்டு நிறுவனம் அமைத்தபோது அரசின் பங்கு 15 விழுக்காடு. அடுத்தடுத்துப் பெரிய வைரக் கிடங்குகள் தெரியவந்ததும் உட்கார்ந்து பேசி, 1975-க்குள் அதைப் பாதியாக்கினார்கள். வெளிநாட்டுக்காரரைத் துரத்தவில்லை, வெறுங்கையோடும் இருக்கவில்லை. போட்ஸ்வானா சிறிய மக்கள்தொகை உள்ள நாடு, வைரம் வேறு சரக்கு என்பதெல்லாம் சரிதான். பேசக் கற்றுக்கொண்ட அரசு என்ன வாங்க முடியும் என்பதற்கு அது சான்று.

மறுபடியும் வரிசை

2025 பிப்ரவரி 18 அன்று சம்பிஷியில் சீன நிறுவனம் ஒன்றின் கழிவு அணை உடைந்தது. முதலில் அறிவித்த கணக்குப்படியே ஐந்து கோடி லிட்டர் அமிலக் கழிவு ம்வம்பாஷி ஓடை வழியாகக் காஃபுவேயில் இறங்கியது. கிட்வே நகரத்தில் லட்சக்கணக்கான மக்களுக்குக் குடிநீர் நின்றது. மீன்கள் செத்து மிதந்தன. கரையோர மக்காச்சோளம் கருகியது. அமிலத்தை முறிக்க அரசு ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்டியது. 2006-க்கும் 2025-க்கும் இடையில் முதலாளி மாறினார், முதலாளியின் நாடும் மாறியது. கழிவு அணையைச் சோதிக்கும் அதிகாரியின் கையில் கூடுதல் பலம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

உலகம் இப்போது ஜாம்பியாவின் வாசலில் நிற்கிறது. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் தாமிரம் வேண்டும். ஆண்டு உற்பத்தியை முப்பது லட்சம் டன்னாக்குவோம் என்று ஹிச்சிலெமா இலக்கு வைத்திருக்கிறார். அமெரிக்காவின் கோபோல்ட் நிறுவனம், பில் கேட்ஸ் போன்றவர்களின் பணத்தோடு, சிலிலாபொம்ப்வே அருகே மிங்கோம்பாவில் இறங்கியிருக்கிறது. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு ரயில்பாதை போட அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் தருகின்றன. தார் எஸ் சலாமுக்குப் போக 1970-களில் தாங்கள் கட்டிக்கொடுத்த டாசாரா ரயில்பாதையைச் சீர்செய்யச் சீனர்கள் முன்வந்திருக்கிறார்கள். 1990-களைப்போல வாங்க ஆளில்லாத நேரம் இல்லை இது. பேரம் பேச ஜாம்பியாவுக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. அந்த நாட்டில் பத்தில் ஆறு பேர் வறுமையில் வாழ்கிறார்கள் என்று 2022-இன் அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. நூறு ஆண்டுத் தாமிரத்துக்குப் பிறகு!

வரிசையில் இந்தியாவும் நிற்கிறது. தாமிரமும் கோபால்டும் தேடுவதற்கு 9,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை இந்தியாவுக்கு ஒதுக்க ஜாம்பியா இசைந்திருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. இந்திய அரசின் நிலவியல் துறைதான் தேடப்போகிறது. இதுவரை அங்கே போனவர்கள் தனியார். இப்போது போவது நம் வரிப்பணம். தாது கிடைத்துச் சுரங்கம் தோண்டும் நாள் வந்தால் ராயல்டி எவ்வளவு, தாமிரம் எந்த விலைக்கு யாருக்கு விற்கப்படும், கழிவு அணைக்கு யார் பொறுப்பு, கிராமத்தார் வழக்குப் போட்டால் எந்த நீதிமன்றத்தில் நாம் பதில் சொல்வோம் என்பது எழுதப்பட வேண்டும். எழுதியதை லுசாகாவிலும் டெல்லியிலும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தூத்துக்குடியின் உறுப்பினரும் தமிழ்நாட்டின் மற்ற உறுப்பினர்களும் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும்.